வெப்பத்திற்கு விலை கண்டவர்
(ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்: 1818–1889)

பௌதிகம் பயிலும் நண்பர்கள் அனைவருக்கும் பழக்கமான கணக்கு ஒன்று உண்டு. இத்தனை மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழுகிறது. இழந்த சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால் நீரின் உஷ்ணநிலை எவ்வளவு உயரும்? நாம் உயரத்தை 9.8 ஆல் பெருக்குகிறோம். 4,186 ஆல் வகுக்கிறோம். விடையின் கீழ்க் கோடிட்டு அடுத்த கணக்கிற்குப் போகிறோம். நூறு மீட்டர் அருவிக்கு விடை கால் டிகிரிக்கும் சற்றுக் குறைவு. இரண்டு நிமிட வேலை.

அந்த 4,186 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. புத்தகத்தின் பின்னட்டை அட்டவணையில் அது இருக்கிறது. அதனால் அது என்றைக்கும் இருந்தது போலத் தோன்றுகிறது. உண்மையில் அந்த எண்ணைப் பெறுவதற்கு ஒரு மனிதர் தம் வாழ்வில் முப்பத்தைந்து ஆண்டுகளைச் செலவிட்டார். அவர் எந்தக் கல்லூரியிலும் பேராசிரியர் அல்லர். எந்தப் பல்கலைக் கழகத்திலும் மாணவராகப் பயின்றவரும் அல்லர். பீர் காய்ச்சும் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. நாம் கணக்கில் உராய்வைப் புறக்கணிக்க என்று படித்துவிட்டு நிம்மதியாக விட்டுவிடும் அந்தச் சிறு மிச்சத்தையே தம் வாழ்நாள் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டவர். அவர் பெயர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், மான்செஸ்டர் நகரை ஒட்டியிருக்கும் சால்போர்டில், 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஜூல் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் ஜூல் செல்வம் மிக்க பீர் ஆலை முதலாளி. தாயார் ஆலிஸ் பிரெஸ்காட். சிறு வயதில் ஜேம்ஸ் உடல் நலம் குன்றியவர். முதுகெலும்பில் பலவீனம் இருந்தது. கூச்ச சுபாவமும் சேர்ந்துகொண்டது. எனவே பள்ளிக்கூடம் என்பது அவருக்கு வாய்க்கவில்லை. வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்துக் கற்பித்தார்கள்.

1834இல் தந்தையார் ஒரு நல்ல காரியம் செய்தார். ஜேம்ஸையும் அவருடைய அண்ணனையும் ஜான் டால்டனிடம் மாணவர்களாக அனுப்பினார். அணுக்கொள்கையை நிலைநாட்டிய அதே டால்டன்தான். அப்போது அவர் முதியவர். மான்செஸ்டர் இலக்கிய தத்துவச் சங்கத்தின் கட்டிடத்தில் தங்கி, சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தார். பெரிய விஞ்ஞானியிடம் சென்றவுடன் அணுவைப் பற்றியும் வாயுவைப் பற்றியும் கேட்கலாம் என்று பிள்ளைகள் எதிர்பார்த்திருக்கக் கூடும். டால்டன் முதலில் கற்பித்ததோ எண் கணிதமும் வடிவியலுமே. அடிப்படை உறுதியான பின்புதான் மற்றவை. 1837இல் டால்டனுக்குப் பக்கவாதம் கண்டது, பாடம் நின்றது. ஆனால் அளந்து பார்க்காத எதையும் நம்பலாகாது என்ற பழக்கம் அதற்குள் மாணவரின் மனத்தில் ஊன்றிவிட்டது.

அக்காலத்து இளைஞர்களுக்கு மின்சாரம் ஒரு புதிய விளையாட்டுப் பொருள். ஜூல் சகோதரர்களும் அதில் மயங்கியவர்களே. வீட்டு வேலையாட்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு அவர்கள் குறும்பு போனது என்பர். அந்த விளையாட்டு அண்ணனுக்கு விளையாட்டாகவே முடிந்தது. தம்பிக்கோ அதுவே வாழ்க்கையாயிற்று.

நிலக்கரியா, துத்தநாகமா?

ஜூலின் முதல் ஆராய்ச்சி ஒரு வியாபாரக் கேள்வியிலிருந்து பிறந்தது. ஆலையில் நீராவி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட மின்சார மோட்டாரை வைத்தால் செலவு குறையுமா என்பதே கேள்வி. பத்தொன்பது வயதில், 1838இல், மின்காந்த இயந்திரம் பற்றித் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். மோட்டாருக்கு எல்லையில்லாத வலிமை கிடைக்கும் என்று பலரும் அன்று நம்பினார்கள். இளம் ஜூலும் முதலில் அப்படித்தான் நம்பினார்.

ஆனால் அவர் கணக்கெழுதிப் பழகிய குடும்பத்தைச் சேர்ந்தவர். நீராவி இயந்திரத்தில் நிலக்கரி எரிகிறது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் மின்கலத்தில் துத்தநாகம் கரைகிறது. ஒரு பவுண்டு நிலக்கரி எத்தனை பவுண்டு எடையை ஓர் அடி தூக்குகிறது, ஒரு பவுண்டு துத்தநாகம் எத்தனை தூக்குகிறது என்று கணக்கிட்டார். நல்ல நீராவி இயந்திரத்தில் நிலக்கரி செய்யும் வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் துத்தநாகம் செய்தது. அதன் விலையோ நிலக்கரியைவிடப் பன்மடங்கு. அத்துடன் மோட்டார் ஆசை தீர்ந்தது.

வேறொருவராயிருந்தால் தோல்வி என்று எண்ணித் திரும்பியிருப்பார். ஜூல் அந்தக் கணக்கில் ஒரு புதிய கேள்வியைக் கண்டார். மின்சாரம் முழுவதும் வேலையாக மாறவில்லையே, மீதி எங்கே போயிற்று? கம்பியைத் தொட்டால் சுடுகிறது. அப்படியானால் அந்தச் சூட்டை அளக்க வேண்டும். கம்பியைச் சுருளாகச் சுற்றி நீரில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்தி, நீரின் உஷ்ணநிலையைக் குறித்தார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. மின்தடை கூடினால் அதற்கேற்ப வெப்பமும் கூடுகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பெருக்க வேண்டும் என்று நாம் பயிலும் ஜூல் விதி இதுவே. 1841இல் இது வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு.

வெப்பம் ஒரு பொருளா?

அக்காலத்து அறிஞர் பலர் வெப்பத்தை ஒரு நுண்ணிய திரவம் என்று கருதினார்கள். அதற்குக் கலோரிக் என்று பெயர். அதை உண்டாக்கவோ அழிக்கவோ இயலாது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஓடத்தான் செய்யும் என்பது கொள்கை. 1798இல் ரம்போர்டு பிரபு மியூனிக் நகரில் பீரங்கி துளைக்கும்போது வெப்பம் வற்றாமல் வந்துகொண்டே இருப்பதைக் கண்டு, வெப்பம் ஒரு பொருளாக இருக்க முடியாது என்று வாதித்திருந்தார். ஆனால் அந்த வாதத்தால் பழைய கொள்கை அசையவில்லை. இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்று விலை சொல்ல ஆள் இல்லாதவரையில், அது வாதமாகவே நின்றது.

ஜெர்மனியில் ராபர்ட் மேயர் என்னும் மருத்துவர், கப்பல் வைத்தியராக ஜாவாவுக்குச் சென்று வந்தவர், 1842இல் இதே உண்மையை எழுதினார். வாயுக்களைப் பற்றி முன்பே தெரிந்திருந்த எண்களைக் கொண்டு ஒரு மதிப்பையும் கணக்கிட்டார். முதலில் சொன்னவர் யார் என்ற வழக்கு பிற்காலத்தில் இரு நாட்டாருக்கும் இடையே கசப்பாக நடந்தது. கருத்தை முதலில் அச்சிட்டவர் மேயர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. சோதனை மேல் சோதனை செய்து அந்த எண்ணை உலகம் மறுக்க முடியாதபடி செய்தவர் ஜூல் என்பதும் உண்மை.

1843 ஆகஸ்டில் அயர்லாந்தின் கார்க் நகரில் பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் கூடியது. ஜூல் தம் புதிய சோதனையை அங்கே படித்தார். நீர் நிறைந்த குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருளை வைத்து, காந்தத்தின் முனைகளுக்கிடையே அதைச் சுழற்றினார். சுழற்றுவதற்கு எடைகளைக் கீழே இறங்கவிட்டார். எடை இறங்கியதால் செய்யப்பட்ட வேலை ஒருபுறம். நீர் பெற்ற வெப்பம் மறுபுறம். ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்க எத்தனை அடி-பவுண்டு வேலை தேவை என்பதே கேள்வி. கிடைத்த விடைகள் 587 முதல் 1040 வரை சிதறிக் கிடந்தன. சராசரி 838.

நம் செய்முறை வகுப்பில் இப்படி எண்கள் வந்தால் நாம் என்ன செய்வோம் என்பது நமக்குத் தெரியும். பக்கத்து மேசையைப் பார்ப்போம். ஒத்துவராத அளவுகளை அடித்துவிடுவோம். ஜூல் சிதறல் முழுவதையும் அப்படியே எழுதினார். கூட்டத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. 1844இல் காற்றை அழுத்தும்போது எழும் வெப்பத்தைப் பற்றி அவர் அனுப்பிய கட்டுரையை ராயல் சங்கம் தன் பெரிய இதழில் வெளியிட மறுத்துவிட்டது. வேறொரு பத்திரிகையில் அது மறு ஆண்டு வெளிவந்தது.

ஏன் நம்பவில்லை?

அன்றைய அறிஞர்களை நாம் ஏளனம் செய்யலாகாது. அவர்கள் ஐயத்திற்குக் காரணம் இருந்தது. வேலையை வெப்பமாக மாற்றினால் கிடைக்கும் சூடு மிகமிகச் சிறியது. வட இந்தியக் குளிரில் விடுதியில் வாழும் நம் நண்பர்கள் இதை ஒரு வாளி நீரைக் கொண்டே அறியலாம். 15 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 15, 4,186, 25 மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 15,70,000 ஜூல். ஒரு கிலோவாட் மின்சூடேற்றியை வாளியில் போட்டால் இருபத்தாறு நிமிடத்தில் வேலை முடிகிறது. அதே அளவு வேலையை நம் கால்களால் செய்ய வேண்டுமானால் என்ன ஆகும்? 60 கிலோ எடையுள்ள மாணவர் 10 மீட்டர் உயரப் படிக்கட்டில் ஒருமுறை ஏறினால் செய்யும் வேலை 5,880 ஜூல். ஒரு வாளி வெந்நீருக்கு அவர் அந்தப் படிக்கட்டில் 267 முறை ஏற வேண்டும்!

இதனால்தான் மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரைக் கலக்கியும், மாவை அரைத்தும், மரத்தை அறுத்தும் வேலைக்கும் வெப்பத்திற்கும் இடையே உள்ள விகிதத்தைக் காணவில்லை. அதைக் காண்பதற்கு டிகிரியில் நூற்றில் ஒரு பங்கையும் தவறவிடாத கண் வேண்டும். ஜூலுக்கு அந்தக் கண் இருந்தது. மான்செஸ்டரில் கருவிகள் செய்துவந்த டான்ஸர் என்பவரின் உதவியால் அவர் மிக நுண்ணிய வெப்பமானிகளைப் பெற்றிருந்தார். ஒரு பாரன்ஹீட் டிகிரியில் 200இல் ஒரு பங்கைத் தம்மால் படிக்க முடியும் என்றார். பேராசிரியர்கள் நம்பத் தயங்கினார்கள். ஆனால் பீர் ஆலையில் வளர்ந்தவருக்கு உஷ்ணநிலையைக் கவனிப்பது அன்றாடத் தொழில். ஊறலின் சூடு சற்றுத் தவறினாலும் ஒரு தொட்டிச் சரக்கு பாழாகும்.

ஆக்ஸ்போர்டும் அருவியும்

1845இல் கேம்பிரிட்ஜ் கூட்டத்தில் ஜூல் தம் புகழ்பெற்ற துடுப்புச் சக்கரச் சோதனையை முதன்முதலாக விவரித்தார். நீர் நிறைந்த பாத்திரத்திற்குள் ஒரு துடுப்புச் சக்கரம். எடைகள் கீழே இறங்கும்போது கயிறு சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் நீரைக் கலக்கும், நீர் சூடாகும். இதில் மின்சாரமும் இல்லை, காந்தமும் இல்லை. உராய்வு ஒன்றுதான். அவ்வாண்டில் எழுதிய கடிதமொன்றில், 160 அடி உயர நயாகராவில் விழும் நீர் ஐந்தில் ஒரு டிகிரி சூடாக வேண்டும் என்றும் கணித்துக் காட்டினார். நாம் இன்று வீட்டுப் பாடமாகச் செய்யும் அருவிக் கணக்கின் மூதாதை இதுவே.

1847 ஏப்ரல் 28ஆம் நாள் மான்செஸ்டரில் புனித ஆன் தேவாலயத்தைச் சேர்ந்த படிப்பகத்தில் பொதுமக்களுக்காக ஒரு சொற்பொழிவு ஆற்றினார். எரிகல் வானத்தில் ஒளிர்ந்து எரிவது முதல் உயிர்களின் இயக்கம் வரை அனைத்தையும் ஒரே சக்திக் கணக்கில் அடக்கிக் காட்டிய பேச்சு அது. அதை வெளியிட நாளிதழ்கள் தயங்கின. மான்செஸ்டர் கூரியர் பத்திரிகையில் அண்ணன் இசை விமரிசகராக இருந்ததால் அதில் மட்டும் முழுமையாக அச்சேறியது.

இரண்டு மாதங்களுக்குப் பின், ஜூன் மாதம், ஆக்ஸ்போர்டில் பிரிட்டிஷ் சங்கம் மீண்டும் கூடியது. நேரம் போதவில்லை, கட்டுரையைப் படிக்காமல் சுருக்கமாகச் சொல்லி முடிக்குமாறு தலைவர் ஜூலிடம் கேட்டுக்கொண்டார். அவரும் சொல்லி முடித்தார். விவாதத்திற்கு அழைப்பும் இல்லை. அத்துடன் இம்முறையும் அது மறைந்திருக்கும். ஆனால் சபையில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தின் பேராசிரியர் வில்லியம் தாம்ஸன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு. அந்த இளைஞர் எழுந்து கேள்விகள் கேட்டுச் சபையைத் தட்டி எழுப்பினார் என்பது ஜூலின் நினைவு. தாம் எழுந்து பேசவில்லை, கூட்டம் முடிந்தபின் ஜூலிடம் சென்று பேசியதாகவே தாம்ஸன் பின்னர் சொன்னார். எது எப்படியாயினும் ஒன்று உறுதி: நான்கு ஆண்டுகளாகத் தனித்துக் கூவிய குரலுக்கு அன்று ஒரு செவி கிடைத்தது.

தாம்ஸன் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. நீராவி இயந்திரத்தில் வெப்பம் குறையாமல் கடந்து செல்கிறது என்ற பழைய கொள்கையில் அவர் ஊறியவர். நாலாண்டு சிந்தித்தபின், 1851இல்தான் ஜூலின் பக்கம் முழுமையாக வந்தார். வந்தபின் விலகவே இல்லை.

அதே 1847 ஆகஸ்டில் ஜூலுக்கும் அமீலியா கிரைம்ஸ் என்ற பெண்மணிக்கும் திருமணம் நடந்தது. புதுமணத் தம்பதிகள் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் சென்றிருந்தார்கள். அங்கே நடைப்பயணம் வந்த தாம்ஸன் தற்செயலாக அவர்களைக் கண்டார். மணமகள் வண்டியில் அமர்ந்திருக்க, மணமகன் கையில் நீண்ட வெப்பமானியுடன் அருவிகளின் சூட்டை அளக்கப் புறப்பட்டிருந்தார் என்று தாம்ஸன் பிற்காலத்தில் கதையாகச் சொல்வதுண்டு. கதையில் எவ்வளவு மிகை இருந்தாலும், சில நாட்களுக்குப் பின் இருவரும் சாலான்ஷ் அருவியின் மேலும் கீழும் உஷ்ணநிலையை அளக்க ஏற்பாடு செய்தது உண்மை. ஆனால் முயற்சி பலிக்கவில்லை. நீர் கீழே வருமுன் திவலைகளாகச் சிதறிக் காற்றோடு கலந்துவிட்டது. வீட்டுப் பாடத்தில் எளிதாக விழும் நீர், மலையில் அப்படி விழுவதில்லை!

ஒரு கணக்கு, நாற்பது முறை

அருவி கைவிட்டது, நிலவறை கைகொடுத்தது. வீட்டின் அடியில் இருந்த விசாலமான நிலவறையில் உஷ்ணநிலை அதிகம் மாறுவதில்லை. அங்கே ஜூல் துடுப்புச் சக்கரத்தை மீண்டும் அமைத்தார். 1849இல் பாரடே மூலம் ராயல் சங்கத்தில் படிக்கப்பட்டு 1850இல் அச்சான கட்டுரை அதன் பயன். அச்சோதனையை நம் வீட்டுப் பாடத்தைப் போலவே போட்டுப் பார்ப்போம்.

இரண்டு ஈய எடைகள், ஒவ்வொன்றும் சுமார் 29 பவுண்டு. அவை சுமார் ஐந்தேகால் அடி மெதுவாக இறங்குகின்றன. தரையைத் தொட்டதும் மீண்டும் மேலே சுற்றி ஏற்றி இறக்க வேண்டும். இப்படி 20 முறை. ஆக மொத்தம் 105 அடி. எடையையும் தூரத்தையும் பெருக்கினால் வேலை வந்துவிடும். ஆனால் ஜூல் அவ்வளவில் விடவில்லை. கப்பிகளின் உராய்வுக்கு இவ்வளவு எடை வீணாகிறது. அதைக் கழிக்க வேண்டும். எடை தரையைத் தொடும்போது விநாடிக்கு 2.4 அங்குல வேகம் இருக்கிறது. அந்த வேகம் நீரைச் சூடாக்கவில்லை. அதையும் கழிக்க வேண்டும். கயிறு நீண்டு சுருங்குவதால் வந்தது இவ்வளவு. அதைக் கூட்ட வேண்டும். எல்லாம் போக நிகர வேலை 6,067 அடி-பவுண்டு.

இனி வெப்பம். நீரோடு பாத்திரமும் சக்கரமும் சூடாகின்றன. அவற்றையும் நீர்க் கணக்கில் சேர்த்தால் 13.9 பவுண்டு நீருக்குச் சமம். உஷ்ணநிலை உயர்வு 0.563 டிகிரி. இரண்டையும் பெருக்கினால் 7.84. இதனால் 6,067ஐ வகுத்தால் வருவது 773.6. எடைகளைக் காற்றற்ற வெளியில் நிறுத்ததாகத் திருத்தினால் 772.7. விடை அவ்வளவுதான்.

இந்த அரை டிகிரி உயர்வுக்கு ஒவ்வொரு முறையும் முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. இப்படி நாற்பது முறை செய்தார். ஒவ்வொன்றுக்கும் துணையாக, சக்கரத்தைச் சுழற்றாமல் வெறுமனே வைத்து, அறைக் காற்றினால் மட்டும் நீர் எவ்வளவு சூடாகிறது என்றும் நாற்பது முறை பார்த்தார். அந்தப் பங்கு டிகிரியில் நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல், அதையும் கழித்தார். தம் உடம்பின் வெப்பமே கணக்கைக் கெடுக்கலாம் என்று அஞ்சித் தமக்கும் கருவிக்கும் இடையே ஒரு பெரிய மரத்தட்டி வைத்துக்கொண்டார். 1990களில் ஜெர்மனியில் இச்சோதனையைப் பழைய முறைப்படியே திரும்பச் செய்தபோது, சோதனையாளரின் உடல் வெப்பம் எவ்வளவு தொல்லை தரும் என்பது தெளிவாயிற்று. ஜூலின் அச்சம் வீண் அச்சமல்ல.

நீரோடு நில்லாமல் பாதரசத்தைக் கலக்கியும், இரும்போடு இரும்பை உரசியும் பார்த்தார். பொருள் மாறினாலும் விலை மாறவில்லை. பிந்தியவற்றில் எண் சற்றே கூடுதலாக வந்தது. உரசும்போது எழுந்த ஒலியாகவும் அதிர்வாகவும் சிறிது சக்தி போயிருக்கும் என்று கருதிய அவர், 772 என்பதையே மிகச் சரியானது என்று தேர்ந்தார். ஒரு கீச்சொலிக்கும் கணக்கில் இடம் வைத்தவர் அவர்.

இக்கட்டுரையின் முடிவுகளில் மூன்றாவதாக, உராய்வு என்பது வேலை வெப்பமாக மாறுவதே என்று ஜூல் எழுதியிருந்தார். கட்டுரையைப் பரிசீலித்த குழு அந்த வாக்கியத்தை நீக்கச் செய்தது. எண்ணை ஏற்றார்கள், எண் சொல்லும் பொருளை ஏற்க இன்னும் துணிவு வரவில்லை. ஜூல் வாக்கியத்தை விட்டுக்கொடுத்தார். எண் நின்றது, காலப்போக்கில் வாக்கியம் தானே திரும்பி வந்தது. அதே 1850இல் ராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

துயரமும் தொடர்ந்த உழைப்பும்

ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்து இல்லறம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. 1854இல் மூன்றாவது குழந்தை பிறந்து சில வாரங்களில் இறந்தது. அதே ஆண்டில் அமீலியாவும் காலமானார். மணவாழ்வு ஏழே ஆண்டுகள். ஜூல் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆலையும் அக்காலத்தில்தான் விற்கப்பட்டது. இயல்பிலேயே கூச்சம் மிகுந்தவர் மேலும் ஒதுங்கினார்.

ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. 1852 முதல் பத்தாண்டுகள் தாம்ஸனும் அவரும் சேர்ந்து உழைத்தார்கள். மான்செஸ்டரில் சோதனை, கிளாஸ்கோவில் கணிதம், நடுவே கடிதங்கள். அழுத்தப்பட்ட வாயு நுண்துளைகள் வழியே விரிந்து வெளிவரும்போது சற்றுக் குளிர்கிறது என்பதை அவர்கள் கண்டார்கள். ஜூல்-தாம்ஸன் விளைவு என்று நாம் பாடத்தில் படிப்பது இது. காற்றைத் திரவமாக்கும் தொழில் பிற்காலத்தில் இதன் மேல் எழுந்தது.

1870இல் ராயல் சங்கத்தின் மிக உயர்ந்த விருதாகிய காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. ஆனால் செல்வம் கரைந்துகொண்டிருந்தது. சொந்தப் பணத்தில் ஆராய்ச்சி செய்தவருக்குச் சம்பளம் ஏது, ஓய்வூதியம் ஏது? 1878இல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதே ஆண்டில், அறுபதை நெருங்கிய வயதில், பிரிட்டிஷ் சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்கப் பழைய துடுப்புச் சக்கரச் சோதனையைத் திருத்திய கருவிகளால் மீண்டும் செய்து முடித்து வெளியிட்டார். இம்முறை விடை 772.55. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் 587க்கும் 1040க்கும் இடையே அலைந்த எண், இப்போது தசமப் புள்ளிக்குப் பின்னும் சொல்லக்கூடியதாயிற்று.

1889 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு சக்தியின் அலகுக்கு ஜூல் என்று பெயரிட்டது. ஆறு வாரங்களுக்குள், அக்டோபர் 11ஆம் நாள், மான்செஸ்டருக்கு அருகே ஸேல் என்னும் ஊரில் அவர் இறந்தார். வெப்பத்தையும் கலோரியில் அல்லாமல் ஜூலிலேயே அளக்க வேண்டும் என்று 1948இல் சர்வதேச அளவைப் பேரவை முடிவு செய்தது. வேலையும் வெப்பமும் ஒன்றே என்று சொன்னவரின் பெயரால் இரண்டுக்கும் ஒரே அலகு அமைந்தது பொருத்தமே. நம் மின்சாரக் கட்டணத்தில் ஒரு யூனிட் என்று வருவது 36 இலட்சம் ஜூல்.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

ஜூலின் எண் முற்றிலும் சரியானதன்று. அமெரிக்காவில் பால்டிமோரில் ரோலண்டு என்பவர் அடுத்த ஆண்டே சோதனையைத் திரும்பச் செய்து, பாதரச வெப்பமானியைக் காற்று வெப்பமானியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்றும், நீரின் வெப்ப ஏற்பே உஷ்ணநிலைக்கேற்பச் சிறிது மாறுகிறது என்றும் காட்டினார். இன்று நாம் கொள்ளும் மதிப்பு அந்தப் பழைய அலகில் சுமார் 778. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

நண்பர்களே, நம்மில் பலருக்கு வீட்டுப் பாடக் கணக்கு ஒரு சுமையாக இருக்கிறது. தாய்மொழியில் பள்ளிப் படிப்பை முடித்து, தொலைதூரம் வந்து, வேறு மொழியில் பௌதிகம் பயில்கிறவர்களுக்குச் சுமை இரட்டிப்பு. சூத்திரத்தைத் தேடி எண்களை இட்டு விடையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு ஒப்பிட்டு விட்டால் போதும் என்று தோன்றிவிடுகிறது. ஜூலின் வாழ்க்கை நமக்கு வேறு வழி காட்டுகிறது. கணக்கைத் தொடங்குமுன் சூத்திரத்தைத் தேடவேண்டாம். வரவு என்ன, செலவு என்ன என்று எழுதுவோம். உயரத்திலிருந்தபோது இவ்வளவு சக்தி. கீழே வந்தபின் வேகமாக இவ்வளவு, வெப்பமாக இவ்வளவு, ஒலியாக இவ்வளவு. இரு பக்கமும் ஒக்க வேண்டும். ஒவ்வாவிட்டால் எதையோ விட்டிருக்கிறோம். பெரும்பாலான கணக்குகளுக்குச் சூத்திரத்தைவிட இந்த ஐந்தொகையே துணை செய்யும். உராய்வைப் புறக்கணிக்க என்று கணக்குச் சொன்னால் புறக்கணிப்போம். ஆனால் எதைப் புறக்கணிக்கிறோம், அது எவ்வளவு இருக்கும் என்று ஒருமுறை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். செய்முறைக் குறிப்பேட்டில் அளவுகள் சிதறி வந்தால் சிதறியபடியே எழுதுவோம். 587ஐயும் 1040ஐயும் மறைத்திருந்தால், அவற்றின் காரணத்தைத் தேடி ஜூல் நிலவறைக்குப் போயிருக்க மாட்டார்.

ஸேல் ஊருக்கு அருகே புரூக்லாண்ட்ஸ் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் பெயருக்கு மேலே 772.55 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். அது திருத்தப்பட்டுவிட்ட எண் என்று அங்கே போகும் பௌதிக மாணவர் எவருக்கும் தெரியும். ஆயினும் அதைக் கண்டு நகைப்பவர் இல்லை.